இணைய வானொலிகள் எதற்காகக் கச்சேரி நடத்துகின்றன? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவில் ஒரு சின்ன இணைய வானொலிக்கு வார இறுதிகளில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். கச்சேரி நாட்களில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து டிக்கெட் பார்ப்பதும், உறுப்பினர் படிவத்தை நீட்டுவதும், இரவு கடைசியில் கணக்கு எழுதுவதும் என் பொறுப்பு. அந்த மேசைக்கு வருகிறவர்களும் சரி, ஊரிலிருந்து பேசும் நண்பர்களும் சரி, கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அமெரிக்க நிலவரம்தான் அதிகம் வரும். நான் அருகிலிருந்து பார்ப்பது அதுதான். ஐரோப்பாவில் சில நிலையங்களைத் தொட்டுவிட்டு, முடிவில் இந்தியாவுக்கு வருகிறேன்.

இணைய வானொலி என்றால் என்ன? எஃப்எம்மை ஆப்பில் கேட்கிறோமே, அதுவா?

இல்லை. அது எஃப்எம் நிலையத்துக்கு இன்னொரு வாசல், அவ்வளவுதான். நான் சொல்வது கோபுரமும் அலைவரிசையும் இல்லாமல் இணையத்தில் மட்டுமே ஒலிக்கும் நிலையங்களை. சான் பிரான்சிஸ்கோவில் ரஸ்டி ஹாட்ஜ் 2000-ல் தொடங்கிய சோமா எஃப்எம் ஒரு நல்ல உதாரணம். பெயரில் எஃப்எம் இருக்கிறது, ஆனால் கோபுரம் கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸின் டப்லாப் 1999-லிருந்து ஓடுகிறது. லண்டனில் ஃபெமி அடயெமி 2011-ல் தொடங்கிய என்டிஎஸ், நியூயார்க்கின் புரூக்ளினில் 2016-ல் வந்த தி லாட் ரேடியோ எல்லாம் இந்த வகைதான்.

'சுயாதீன' என்று சேர்த்துச் சொல்வது பெரிய ஊடக நிறுவனத்தின் கையில் இல்லாதவற்றை. பெரும்பாலும் நாலைந்து பேர் சம்பளத்துக்கு இருப்பார்கள், மற்றவர்கள் ஆசைக்கு வந்து நிகழ்ச்சி செய்வார்கள். சில இடங்களில் சம்பளம் என்ற பேச்சே கிடையாது.

ஸ்பாடிஃபை, யூடியூப் எல்லாம் இருக்கும்போது இதை யார் கேட்கிறார்கள்?

நாம் ஏற்கெனவே கேட்டதற்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் அந்தச் செயலிகள் எடுத்துத் தருகின்றன. ஒரு நல்ல நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் நாம் தேடவே தெரியாத ஒன்றை எடுத்துப் போடுவார். எத்தியோப்பிய ஜாஸ், எழுபதுகளின் துருக்கிப் பாட்டு, பக்கத்துத் தெருவில் நாலு பையன்கள் போன மாதம் ரெக்கார்ட் செய்தது, இப்படி. எனக்குப் பிடித்த இசையில் பாதி, முகம் தெரியாத யாரோ ஒருவர் நள்ளிரவில் போட்டது. அதனால்தான் இந்த நிலையங்கள் பிழைக்க வேண்டும் என்று எனக்கு இவ்வளவு அக்கறை.

ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் போதுமே, அப்படி என்ன செலவு?

எஃப்எம் என்பது கோயில் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி. கட்டிவிட்டால் நூறு பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் மின்சாரச் செலவு ஒன்றுதான். இணையத்தில் கேட்கும் ஒவ்வொருவருக்கும் சர்வரிலிருந்து தனி இழை போகிறது. 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஒருவருக்குச் சுமார் 58 எம்பி ஆகும். ஆயிரம் பேர் கேட்டால் அதைப் போல ஆயிரம் மடங்கு. இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தச் செலவே கழுத்தை நெரித்தது. இப்போது மலிந்துவிட்டது.

மலியாமல் நிற்பது ராயல்டி, அதாவது பாட்டைப் போடுவதற்காக அதன் உரிமையாளர்களுக்குக் கட்டும் தொகை. அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்கான இந்தத் தொகை, ஒரு பாட்டு, கேட்பவர் ஒருவர் என்ற கணக்கில் ஓடுகிறது. 2021-ல் தொடங்கிய ஐந்தாண்டுக்கு, சந்தா வாங்காத வணிக நிலையங்களுக்கு அது 0.0021 டாலர் என்று வைத்தார்கள், அப்புறம் விலைவாசியோடு சேர்த்து ஏறியது. பார்க்கக் கடுகளவுதான். ஆனால் மணிக்கு 15 பாட்டு, எந்த நேரமும் சராசரியாக 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கேட்ட நேரத்தைக் கூட்டினால் மாதத்துக்கு 72,000 மணி நேரம் வரும், தொகை 2,268 டாலர். நிலையத்துக்கு நல்ல பெயர் கிடைத்து 1,000 பேர் கேட்க ஆரம்பித்தால் 22,680 டாலர். வரவு ஒரு பைசா ஏறாமலே செலவு பத்து மடங்காகிவிடும்! இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

எஃப்எம்காரர்களும் இதே தொகையைக் கட்டுகிறார்களா?

அமெரிக்காவில் இல்லை. வானலையில் போகும் எஃப்எம், ஏஎம் நிலையங்கள் பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் மட்டும் கொடுக்கின்றன. அதைப் பாடிப் பதிவு செய்தவருக்கும் அந்தப் பதிவின் உரிமையாளருக்கும் ஒன்றும் கிடையாது. 1995-லும் 1998-லும் வந்த சட்டங்கள் டிஜிட்டல் வழியாகப் போகும் ஒலிக்கு மட்டும் அந்தக் கடமையை வைத்தன. ஆகவே இணைய நிலையம் இரண்டு பக்கமும் கட்டுகிறது.

இதைச் சொன்னதும் "அப்போ ராயல்டியே கூடாது என்கிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். அப்படியில்லை. வசூலாகும் தொகையில் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கும், 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கும், 5 சதவீதம் பக்கவாத்தியக்காரர்களுக்கும் உடன் பாடியவர்களுக்கும் போகிறது. சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு அதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறது. கலைஞருக்குப் போகவேண்டிய காசு போகத்தான் வேண்டும். பெரிய எஃப்எம் சங்கிலிக்குப் பூஜ்யம், வீட்டுப் பின்னறையில் நடக்கும் நிலையத்துக்கு முழுத் தொகை என்பதுதான் எனக்கு ஒப்பாதது.

இந்த ராயல்டியால் நிஜமாகவே நிலையங்கள் மூடினவா, அல்லது சும்மா பயமுறுத்துகிறார்களா?

மூடின. மூன்று முறை பெரிய அலையாக வந்தது. முதலாவது 2002. அந்த ஜூன் மாதம் ஒரு பாட்டுக்கு ஒருவருக்கு 0.07 சென்ட், அதாவது 0.0007 டாலர் என்று தீர்மானித்தார்கள். அதுவும் 1998-லிருந்து பின்தேதியிட்டு. சோமா எஃப்எம் அந்த மாதமே ஒலிபரப்பை நிறுத்தியது. சின்ன நிலையங்கள் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டினால் போதும் என்று அந்த ஆண்டின் இறுதியில் ஏற்பாடு வந்த பிறகுதான் பலருக்கும் மூச்சு வந்தது. சோமா எஃப்எம்மும் திரும்பியது.

இரண்டாவது 2007. புதிய விகிதத்தில் அந்தச் சதவீத வழி இல்லை. 2006-க்கு 0.0008 டாலரில் தொடங்கி 2010-ல் 0.0019 வரை ஏறும் அட்டவணை மட்டும்தான். அந்த ஆண்டு ஜூன் 26 அன்று ஏராளமான நிலையங்கள் எதிர்ப்பாக ஒருநாள் முழுக்க மௌனமாக இருந்தன. அப்புறம் பேச்சுவார்த்தை நடந்து 2009-ல் சமரசம் வந்தது. அந்தச் சமரசம் 2015 கடைசியில் காலாவதியானதும் மூன்றாவது அலை. ஆயிரக்கணக்கான சின்ன நிலையங்களைத் தன் தோளில் சுமந்த லைவ்365 சேவை 2016 ஜனவரி முடிவில் நின்றது. ஒரு வருடம் கழித்து வேறு கைக்கு மாறித் திரும்ப வந்தாலும், நடுவில் அணைந்த நிலையங்கள் பல அணைந்தவைதான்.

விளம்பரம் போட்டால் தீர்ந்ததே?

விளம்பரம் தருகிறவர் ஊரைப் பார்த்துத் தருவார். எங்கள் நிலையத்தைக் கேட்பவர்களில் ஒருவர் ஓக்லாந்திலும் ஒருவர் ஓசாகாவிலும் இருக்கிறார். எந்தக் கடைக்காரர் அவர்கள் இருவருக்கும் விற்கப் போகிறார்? மொத்தமாக விளம்பரம் சேர்த்துத் தரும் நிறுவனங்கள் கொடுப்பது ராயல்டிக்கே போதாது. அதோடு, விளம்பரம் இல்லை என்பதற்காகவே வந்து கேட்பவர்கள் அதிகம்.

நேயர்களிடம் நன்கொடை மட்டும் வாங்கி நடத்த முடியாதா?

முடியும், நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பில் கோல்ட்ஸ்மித் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் 2000-ல் தொடங்கிய ரேடியோ பாரடைஸ், விளம்பரம் இல்லாமல் நேயர் காசில் இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கிறது. சோமா எஃப்எம்மும் அப்படியே. ஆனால் இவர்கள் இணையத்தில் கூட்டம் குறைவாக இருந்த காலத்தில் இடம் பிடித்தவர்கள். இன்றைக்குப் புதிதாக வரும் நிலையத்தை ஒருவர் கேட்பார், ரசிப்பார், அட்டை எண்ணைப் போட மட்டும் மனம் வராது. பின்னணியில் ஓடும் ஒன்றுக்குக் காசு கொடுக்கத் தோன்றுவதில்லை.

லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்துகொண்டால் ஒரு வசதி உண்டு. மேலே சொன்ன 2021 விகிதப்படி, எல்லோரும் கேட்ட நேரத்தின் கூட்டுத்தொகை மாதத்துக்கு 159,140 மணி ஆகும்வரை ஒரு சேனலுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டினால் போதும் என்று இருந்தது. சராசரியாக எந்த நேரமும் 220 பேர் கேட்கும் அளவு அது. அந்தக் கோட்டைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்குப் பாட்டுக் கணக்கு மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

சரி, கச்சேரி எங்கிருந்து வந்தது? ரேடியோவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

செலவு பற்றிய பதிலில் வந்த கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரீமில் ஒருவர் கூடினால் செலவு கூடுகிறது. அரங்கில் ஒருவர் கூடினால் வரவு கூடுகிறது. வாடகை, சவுண்ட், கலைஞர் தொகை எல்லாம் முன்பே முடிந்துபோன செலவு. 120-ஆவது ஆள் உள்ளே வந்தால் அவர் டிக்கெட் காசு ஏறத்தாழ முழுதாக நிற்கும். இந்த நிலையங்களுக்குத் தெரிந்த வேலைகளில், கூட்டம் சேரச் சேர நன்மை தருவது இது ஒன்றுதான்.

இரண்டாவது, அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் சரக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது. எந்த இசைக்குழு யாருக்குப் பிடிக்கும், எது வளரும் என்று கண்டுபிடிப்பது அவர்களின் அன்றாட வேலை. புதிய குழுவுக்கு மேடை வேண்டும், அரங்குக்காரருக்குச் செவ்வாய்க்கிழமை இரவு காலியாகக் கிடக்கிறது, நிலையத்திடம் நேயர்கள் இருக்கிறார்கள். மூன்றையும் கோர்ப்பதுதான் வேலை. செலவில்லாத அறிவிப்பு வழியும் கையில் இருக்கிறது. ஒரு வாரம் அந்தக் குழுவின் பாட்டைப் போட்டு, இடையில் தேதியைச் சொன்னால் போதும்.

ஒரு கச்சேரியில் எவ்வளவு மிஞ்சும்?

நான் எழுதும் கணக்குகளின் அளவில் ஒரு மாதிரி தருகிறேன். 250 பேர் பிடிக்கும் அரங்கு, டிக்கெட் 18 டாலர், விற்றது 180. வரவு 3,240 டாலர். இரண்டு குழுக்களுக்குச் சேர்த்து 1,400, அரங்குச் செலவு 500, சவுண்ட் எஞ்சினியர் 250, காப்பீடு 150, சுவரொட்டி மற்ற சில்லறை 150. மொத்தம் 2,450. மிச்சம் 790 டாலர். பானக் கவுண்டர் வருமானம் பெரும்பாலும் அரங்குக்காரருடையது, நமக்கு வராது.

மழை பெய்து 110 பேர்தான் வந்தார்கள் என்றால் வரவு 1,980. கையிலிருந்து 470 போகும். ஒரு முறை எங்களுக்கு அப்படி ஆனது. அது போதாதென்று, அரங்குக்காரர் வேறொரு நிகழ்ச்சியையும் அதே இரவு மாடியில் ஒப்புக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில், கீழே எங்கள் மேடையில் தாளக்காரர் வாசிப்பதே கேட்கவில்லை, பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஒப்பந்தத்தில் "அதே நேரத்தில் கட்டடத்தில் வேறு நிகழ்ச்சி கூடாது" என்று ஒரு வரி எழுதி வாங்குகிறோம்.

அவ்வளவுதானா! 790 டாலருக்கா இத்தனை பாடு?

டிக்கெட் காசை மட்டும் பார்த்தால் நீங்கள் கேட்பது சரி. நூறு பேர் கேட்கும் வணிக நிலையத்தின் ஒரு மாத ராயல்டிக்கே அது போதாது. கச்சேரி நிலையத்தைக் காப்பாற்றுவது டிக்கெட்டால் இல்லை, வாசல் மேசையால்.

நன்கொடை பற்றிச் சொன்னேனே, பின்னணியில் ஓடும் ஒன்றுக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள் என்று. அதே நேயர் ஒரு நாள் இரவு வந்து, தினமும் காதில் கேட்ட குரலுக்கு உரியவரை நேரில் பார்த்து, தான் மட்டும்தான் இந்த நிலையத்தைக் கேட்கிறேன் என்று நினைத்திருந்தவர் சுற்றிலும் 180 பேர் நிற்பதைப் பார்க்கும்போது, உள்ளே ஏதோ மாறுகிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெளியே போகும்போது அவர்களே மேசைக்கு வந்து "மாதம் எவ்வளவு?" என்று கேட்பார்கள். 180 பேரில் 40 பேர் மாதம் 5 டாலர் என்று சேர்ந்தால் ஆண்டுக்கு 2,400 டாலர். அடுத்த ஆண்டும் அதில் பெரும்பாலோர் இருப்பார்கள். அந்த இரவில் மிஞ்சிய 790-ஐப் போல மூன்று மடங்கு, எந்த அரங்கையும் வாடகைக்கு எடுக்காமல். கச்சேரி நடத்தியும் மேசை போடாத நிலையத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

கேட்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், கச்சேரி ஒரு ஊரில்தானே நடக்கும்?

இது நியாயமான கேள்வி, நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 5,000 நேயர் என்ற எண்ணைப் பார்த்து 500 பேர் அரங்கைப் பிடித்துவிடுவார்கள். சர்வர் பதிவைத் திறந்தால் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று தெரியும். அரங்கு இருக்கும் ஊரில் 200 பேர்தான் என்றால், அதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது என்று எடுத்துக்கொண்டு அரங்கைப் பிடிக்க வேண்டும். மிச்ச இடத்தை மேடையேறும் குழுக்களின் சொந்த ரசிகர்கள் நிரப்புவார்கள்.

கொஞ்சம் வளர்ந்த நிலையங்கள் வேறு ஊர்களில் கால் ஊன்றுகின்றன. லண்டனில் ஜில்லெட் சதுக்கத்தில் ஒரு சின்னக் குடில் போன்ற இடத்திலிருந்து ஒலிபரப்பத் தொடங்கிய என்டிஎஸ், மான்செஸ்டரிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஸ்டூடியோ வைத்தது. அந்தந்த ஊர்க்காரர்கள் நிகழ்ச்சி செய்தால், அந்தந்த ஊரில் கூட்டமும் சேரும். வர முடியாத ஊர்க்காரர்களுக்காகக் கச்சேரியை நேரலையாகவும் விடலாம். அதற்கு அனுமதி விஷயம் இருக்கிறது, இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

கச்சேரிக்கு மட்டும் ராயல்டி கிடையாதா?

உண்டு, ஆனால் வேறு வகை. ஒலிப்பதிவுக்கான தொகை டிஜிட்டலாகப் போகும் ஒலிக்கு மட்டும் என்று எஃப்எம் பற்றிய பதிலில் சொன்னேன். அரங்கில் நேரில் பாடினாலும், அங்கே ஒருவர் இசைத்தட்டைச் சுழற்றினாலும் அது வராது. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் போகும் தொகை வரும். ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற சங்கங்கள் அதை வசூலிக்கின்றன. பெரும்பாலான அரங்குகள் அதற்கு ஆண்டு உரிமம் வைத்திருக்கும். உணவகத்தின் பின்கட்டு, பழைய கிடங்கு என்று அரங்கல்லாத இடத்தில் நடத்துவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கச்சேரியை ரெக்கார்ட் செய்து ரேடியோவில் போட்டால் என்ன?

போடலாம், போடவும் வேண்டும். கலைஞரின் சம்மதம் இல்லாமல் மேடைக் கச்சேரியைப் பதிவு செய்வதோ ஒலிபரப்புவதோ அமெரிக்காவில் 1994 முதல் சட்ட விரோதம். ஆகவே எழுத்தில் வாங்க வேண்டும். அந்தக் கலைஞர் ஏதாவது கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்தால் அவர் கையெழுத்து மட்டும் போதாது, கம்பெனியின் அனுமதியும் தேவைப்படலாம். பாட்டை எழுதியவருக்கான தொகை, நிலையம் ஏற்கெனவே அந்தச் சங்கங்களுக்குக் கட்டும் உரிமத்தில் அடங்கும். படம் பிடித்துக் காணொளியாகப் போடுவதாக இருந்தால் பாட்டின் உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும். அடுத்தவர் பாட்டை மேடையில் பாடிய இரவுகளில் பலரும் மாட்டுவது இதில்தான்.

இத்தனையும் செய்து முடித்தால் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. கலைஞர் நேரடியாக அனுமதி கொடுத்த பதிவுக்கு மேலே சொன்ன பாட்டுக் கணக்கு ஓடாது. எத்தனை பேர் கேட்டாலும் அந்தத் தலைக்கட்டுத் தொகை ஏறாது. அதோடு, யாரிடமும் தனியாகக் கேட்காமல் நிர்ணயித்த ராயல்டியைக் கட்டிப் பாட்டுப் போடும் சட்டத்தின் பொது உரிமத்தில் ஓடும் நிலையம் மூன்று மணி நேரத்துக்குள் ஒரே கலைஞரின் பாட்டு நாலுக்கு மேல் போடக் கூடாது, அடுத்து வரும் பாட்டின் பெயர்களை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொந்த அனுமதியில் வந்த பதிவை ஒன்றரை மணி நேரம் முழுதாக, தேதி, நேரம், பாட்டுப் பட்டியல் எல்லாம் அறிவித்துப் போடலாம். ஒரு இரவுக் கச்சேரி நிலையத்துக்குப் பல வருடச் சொத்தாக நிற்கிறது.

பாடுகிறவர்களுக்குக் காசு கொடுப்பார்களா, நல்ல காரியம் என்று சும்மா பாடச் சொல்வார்களா?

இரண்டும் நடக்கிறது. மூடும் நிலைக்கு வந்த நிலையத்துக்காகக் கலைஞர்கள் ஒரு முறை இலவசமாகப் பாடுவது அன்பு. ஆண்டுக்கு ஆறு முறை அப்படிக் கேட்டால் அது சுரண்டல். உங்கள் பாட்டை முதலில் போட்டது நாங்கள்தானே என்ற நன்றிக் கடனை வைத்துக் கேட்கும்போது அவர்களால் மறுக்கவும் முடியாது. எங்கள் நிலையத்தில் கலைஞர் தொகையை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்ற கணக்கைத் தொடங்குவோம். நஷ்டமான அந்த மழை இரவிலும் 1,400-ஐ முழுதாகக் கொடுத்தோம்.

டிக்கெட் வாங்கினால் வரிவிலக்கு கிடைக்குமா?

லாப நோக்கற்ற நிலையம் என்றால் டிக்கெட்டின் நிஜ மதிப்புக்கு மேல் கொடுத்த தொகைக்கு மட்டும். 20 டாலர் பெறும் கச்சேரிக்கு 50 கொடுத்தால் 30-க்குக் காட்டலாம். ஒருவர் கொடுத்தது 75 டாலரைத் தாண்டினால் அந்தப் பிரிவை நிலையமே எழுத்தில் தர வேண்டும்.

நேரடி இசையை நம்பியும் மூடிய நிலையம் இருக்கிறதா?

இருக்கிறது. எனக்கு மிகவும் வலித்தது டபிள்யூஓஎக்ஸ்ஒய். ஒஹாயோவின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற கல்லூரி ஊரில் எஃப்எம்மாக இருந்து, 2004-ல் அலைவரிசை விற்கப்பட்ட பிறகு இணையத்தில் மட்டும் தொடர்ந்தது. 2006-ல் காசில்லாமல் நின்று, வேறொரு நிறுவனம் வாங்கி உயிர் கொடுத்தது. குழுக்களை ஸ்டூடியோவுக்கு அழைத்து நேரடியாக வாசிக்க வைத்து அவர்கள் செய்த பதிவுகள் அருமையானவை. 2009-ல் புதிய உரிமையாளரின் கீழ் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினுக்கே போனார்கள். நேரடி இசையின் உலகத் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர். 2010 மார்ச் 23 அன்று, அந்த ஊரின் பெரிய இசைத் திருவிழா முடிந்த இரண்டு நாளில், நிலையம் நின்றது. நல்ல இசையும் நல்ல ஊரும் இருந்தன, மாதாமாதம் வரும் நிலையான காசு இல்லை.

ஆம்ஸ்டர்டாமில் சிவப்பு விளக்குப் பகுதியின் பழைய கண்ணாடி ஜன்னல் அறை ஒன்றில் 2010-ல் தொடங்கிய ரெட் லைட் ரேடியோ பத்து ஆண்டுகளில், 2020-ல் மூடியது. அந்த ஆண்டு கொரோனா வந்து உலகம் முழுக்க அரங்குகள் பூட்டிக்கிடந்தன. கச்சேரி வருமானத்தை மட்டும் நம்பியவர்கள் ஒரே வாரத்தில் வெறுங்கையோடு நின்றார்கள். உறுப்பினர் பட்டியல் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பட்டியல் சோறு போட்டது. புகழ் பெற்ற ஒருவர் தலைமையில் இருந்தாலும் பாதுகாப்பு இல்லை. ஜைல்ஸ் பீட்டர்சன் 2016-ல் லண்டனில் தொடங்கிய வேர்ல்ட்வைட் எஃப்எம்மே 2022-ல் பணமில்லாமல் புதிய நிகழ்ச்சிகளைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது.

கச்சேரி நடத்த ஆரம்பித்தால் நிலையத்தின் குணம் மாறிவிடாதா?

மாறும் ஆபத்து உண்டு. டிக்கெட் விற்கும் குழுவை மட்டும் வானொலியிலும் போடத் தோன்றும். அப்படிப் போனால் யாரும் தேடாததை எடுத்துப் போடும் அந்த ஆள் காணாமல் போவார், அப்புறம் இந்த நிலையம் எதற்கு? டப்லாப் காட்டிய வழி எனக்குப் பிடிக்கும். டோனலிசம் என்ற பெயரில் இரவு முழுக்க ஓடும் மெல்லிய இசை நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். மக்கள் படுக்கை, தலையணையோடு வந்து கிடந்து கேட்பார்கள். எந்த வணிக அமைப்பாளரும் தொடாத நிகழ்ச்சி. வானொலியில் இருக்கும் குணம் அப்படியே மேடைக்கு வந்தது.

கச்சேரி தவிர வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. தி லாட் ரேடியோ புரூக்ளினில் ஒரு காலி மனையில் பழைய சரக்குக் கொள்கலனுக்குள் நடக்கிறது. பக்கத்திலேயே காபிக் கடை, அதன் வருமானத்தில் நிலையம் ஓடுகிறது. மார்கழியில் சென்னைச் சபாக்களின் கேன்டீனில் இலை போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு இது உடனே புரியும். பனியன், இசைத்தட்டு விற்பவர்களும் உண்டு. ஆனால் எதைச் செய்தாலும் ஆட்கள் ஒரு இடத்துக்கு உடம்போடு வர வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரில் இதைச் செய்யலாமா?

டொராண்டோ, லண்டன், பாரிஸ் தமிழ் வானொலிகள் மேடை நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகளாக நடத்துகின்றன, அவர்களுக்கு இது புதிதில்லை. தமிழ்நாட்டிலிருந்து இணையத்தில் மட்டும் நடத்துவதாக இருந்தால் முதலில் பாட்டுரிமை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 31டி பிரிவு, வானொலிகள் சட்டம் நிர்ணயிக்கும் தொகையைக் கட்டிவிட்டுப் பாட்டுப் போட வழி செய்தது. அது இணையத்துக்குப் பொருந்தாது என்று 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது, 2022-ல் மேல்முறையீட்டிலும் அதையே உறுதி செய்தது. அதாவது சினிமாப் பாட்டுப் போட ஒவ்வொரு கம்பெனியோடும் தனியாகப் பேச வேண்டும். சின்ன நிலையத்துக்கு அது கட்டாது.

அதனால் இங்கே சொந்த மேடையும் சொந்தப் பதிவும் அமெரிக்காவைவிடவும் முக்கியம். சுயாதீனக் குழுக்கள், கானா, பறை, நாட்டுப்புறம், கர்நாடகம் என்று பாடுகிறவர்களிடமே நேரடியாக அனுமதி வாங்கலாம். இயற்றியவர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் பாட்டு பொதுச் சொத்து. 1847-ல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். பாரதி பாடல்களை அரசு எப்போதோ பொதுவுடைமை ஆக்கிவிட்டது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973, ஆகவே அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை பொறுக்க வேண்டும், அல்லது அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட்டைப் பொறுத்தவரை, ஒருவருக்கு 500 ரூபாய் வரை உள்ள கச்சேரிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்குமேல் 18 சதவீதம். சின்ன நிலையம் 500-க்குள் நிற்பதே நல்லது.

நான் தனி ஆளாக ஒரு நிலையம் நடத்துகிறேன். முதல் கச்சேரியை எப்படித் தொடங்குவது?

60 பேர் பிடிக்கும் இடம் பாருங்கள். 250 பேர் அரங்கில் 60 பேர் வந்தால் தோல்வி மாதிரி இருக்கும், 60 பேர் அறையில் 60 பேர் வந்தால் திருவிழா. வார நடுவில் ஒரு நாள் எடுங்கள், வாடகை குறையும். ஒரே ஒரு குழு அல்லது இரண்டு, தொகையை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வாரம் முன்பிருந்து அவர்கள் பாட்டைப் போடுங்கள். பதிவு அனுமதிப் படிவத்தைச் சவுண்ட் சரிபார்க்கும் நேரத்திலேயே கையெழுத்து வாங்குங்கள், கச்சேரி முடிந்த பிறகு யாருக்கும் பேனா பிடிக்கப் பொறுமை இருக்காது.

இடைவேளையில் மேடையேறி இரண்டு நிமிடம் பேசுங்கள். மாதச் செலவு எவ்வளவு, கையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்களை ஒளிக்காமல் சொல்லுங்கள். மேசையை உள்ளே போடாதீர்கள், வெளியே போகும் வழியில், வெளிச்சமான இடத்தில் போடுங்கள். பின்னால் ஒரு நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். உங்கள் குரலைக் கேட்டவர்கள் உங்களைப் பார்க்கத்தான் வந்திருப்பார்கள்.